படுத்து எழும் கம்பம்

கிள்ளான் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: வீட்டுக் கொல்லையில் 12 மீட்டர் கம்பம் நட்டு, உச்சியில் குட்டிக் காற்றாலை வைத்தால் கரண்ட் பில் குறையுமா? கிரேன் இல்லாமல் அதை நிறுத்த முடியுமா?

முதல் கேள்விக்குப் பதில்: குறையாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்றின் சராசரி வேகம் விநாடிக்கு 2 மீட்டர் அளவுதான். 2 மீட்டர் விட்டமுள்ள காற்றாடி அதிலிருந்து தேற்றுவது 5 வாட். அதுவும் சுற்றினால்! பல சிறு காற்றாலைகள் 3 மீட்டர் வேகத்துக்குக் கீழே அசையவே அசையாது. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் 1 கிலோவாட், 12 மீட்டர் வேகக் காற்றுக்கான கணக்கு.

இரண்டாம் கேள்விதான் சுவாரசியம். கம்பத்தின் அடியில் கீல். படுத்திருக்கும் கம்பத்துக்குச் செங்குத்தாக, கீலிலிருந்து 6 மீட்டர் துணைக்கம்பு ஒன்று. அதன் நுனியிலிருந்து, கீலுக்கு மறுபுறம் 6 மீட்டர் தள்ளியுள்ள வின்ச்சுக்குக் கயிறு. கம்பம் 60 கிலோ, ஆலை 40 கிலோ என்றால், தரையை விட்டு எழும் முதல் கணத்தில் கயிற்றில் ஏறுவது 200 கிலோ. துணைக்கம்பை 3 மீட்டராகக் குறைத்தால் 300ஐத் தாண்டும். பாதி எழுந்துவிட்டால் சுமையும் ஏறக்குறைய பாதியாகிவிடும். உச்சத்தில் சுமையே இராது. கம்பம் மறுபக்கம் சாயாமல் பின்பக்க ஸ்டே கம்பிதான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

என்னை மயக்குவது பக்கவாட்டுக் கம்பிகள். கம்பம் படுத்திருக்கும்போதே கட்டிவிடுவார்கள். எழும்போது அவை இறுகவும் கூடாது, தொய்யவும் கூடாது. அதற்கு இரண்டு நங்கூரங்களும் கீலின் அச்சுக்கோட்டிலேயே இருக்க வேண்டும். கதவை எடுத்துக்கொள்ளுங்கள். கீலோரம் படுத்திருக்கும் பூனைக்கும் கைப்பிடிக்கும் உள்ள தூரம், கதவை எவ்வளவு திறந்தாலும் மாறாது. அதன் வாலைக் கைப்பிடியில் கட்டிவைத்தாலும் தூக்கம் கலையாது. பூனை ஒரு முழம் நகர்ந்து படுத்தால்தான் வீடே அலறும். நங்கூரம் கீலைவிட 30 சென்டிமீட்டர் தாழ்ந்தால், 11 மீட்டர் உயரத்தில் கட்டிய கம்பிக்குக் கால் மீட்டர் பற்றாது. எஃகுக் கம்பி அவ்வளவு நீளாது, கம்பம் வளையும். நங்கூரம் உயர்ந்தால் கம்பி தொய்யும். கம்பம் பக்கவாட்டில் ஆடும்.

வரலாறு கேட்பவர்களுக்கு: 1887இல் ஸ்காட்லாந்துப் பேராசிரியர் ஜேம்ஸ் பிளைத் தன் விடுமுறை வீட்டுக்குக் காற்றில் விளக்கேற்றினார், ஊராருக்கும் தருகிறேன் என்றபோது பேய் வேலை என்று மறுத்தார்களாம். நம் நாட்டில் பெர்ஹெந்தியான் தீவில் 2007இல் 100 கிலோவாட் காற்றாலைகள் இரண்டை நிறுவினார்கள். அது கடற்காற்று, கிள்ளான் கொல்லைக்கு அந்தக் கதை பொருந்தாது.

இங்கே பலத்த காற்று வருவது பெரும்பாலும் இடிமழையோடும், விடியலுக்கு முன் சுமத்ராவிலிருந்து பாயும் சூறையோடும்தான். 2 மீட்டர் காற்று 20 மீட்டரானால் கம்பத்தின் மீது விசை 100 மடங்கு. மின்சாரத்துக்கு உதவாத அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நங்கூரத்தைக் கணக்கிட வேண்டும். கிள்ளானின் களிமண்ணோ மென்மை. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். புதைத்த கான்கிரீட் கட்டி கன மீட்டருக்கு 2.4 டன் கனக்கும். நீரில் மூழ்கினால் அதில் 1 டன்னை மிதப்பு விழுங்கிவிடும். ஆகவே, கட்டியின் அளவை மழைக்காலத்தில் தோண்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.