எழுத்து ஒன்று, தோற்றம் பல
உலாவிகளின் வேறுபாடும் பயன்படுத்துவோரின் இடர்ப்பாடும்

திருவனந்தபுரத்தில் ஸ்ரீ பத்மநாபசுவாமி கோயிலுக்குக் கிழக்கே அமைந்த கோட்டை வாயிலையும் அதைச் சூழ்ந்த பகுதியையும் கிழக்கேகோட்டை என்பர். அருகில் சாலைக் கடைத்தெரு இருக்கிறது. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் இடம் அது. அங்கே ஒரு பலகையில் ஊரின் பெயரை எழுதி வைத்தால், அதன் முன் நிற்பவர் அனைவருக்கும் அது ஒரே வடிவில்தான் தெரியும். கணிப்பொறித் திரையில் காணும் பக்கமோ அத்தகையதன்று. ஒருவருக்குச் செவ்வையாகத் தோன்றும் பக்கம் மற்றொருவருக்கு வெறும் கட்டங்களாகத் தோன்றக்கூடும். இதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

இணையப் பக்கம் ஓர் ஓவியமாக நம்மிடம் வந்து சேர்வதில்லை. எழுத்துக்களுக்குரிய எண்களும், அவற்றை எவ்வாறு அமைக்க வேண்டும் என்னும் குறிப்புகளுமே வருகின்றன. அவற்றைப் படித்து உருவம் தீட்டுவது நம் கணிப்பொறியிலுள்ள உலாவி என்னும் சாதனம். ஒரே சமையல் குறிப்பைப் பல சமையற்காரரிடம் கொடுத்தால் சுவை வேறுபடுவது போல, உலாவி வேறுபட்டால் தோற்றமும் வேறுபடலாம். இவ்வேறுபாட்டைக் குறைக்கும் பொதுத் தரங்களை வகுப்பதற்காகவே 1994-ஆம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலைச் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

கிழக்கேகோட்டை என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் அதில் 7 எழுத்துக்கள் உள்ளன. யூனிகோடு முறையிலோ அது 13 குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. ‘கே’ என்பதில் முதலில் ககரமும், அதன் பின்னரே இரட்டைக் கொம்பும் வைக்கப்படும். கொம்பை இடப்புறம் நகர்த்திக் காட்டுவது திரையில் எழுத்தைத் தீட்டும் மென்பொருளின் கடமை. அத்திறன் அதற்கு இல்லாவிடின், கொம்பு ககரத்துக்கு வலப்புறம் நின்று, அடுத்த எழுத்தைச் சார்ந்தது போலத் தோன்றும். ‘டை’யின் கொம்போ சொல்லின் இறுதியில் தனித்துத் தொங்கும்.

யூனிகோடு பரவுவதற்கு முன் நிலைமை இன்னும் கடினமாயிருந்தது. டிஸ்கி, டாம், டாப் எனக் குறியீட்டு முறைகள் பல வழங்கின. 1997-ஆம் ஆண்டளவில் எழுத்துருவைப் பக்கத்துடனேயே அனுப்பும் உபாயம் தோன்றியது. ஆயினும் நெட்ஸ்கேப் உலாவி ஒரு முறையையும், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வேறொரு முறையையும் மேற்கொண்டன. ஒன்றுக்காக அமைத்த தமிழ்ப் பக்கம் மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகவே காட்சியளித்தது. 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையைத் தரமாக அறிவித்தது.

மலையாளத்தில் வேறொரு சிக்கல் உண்டு. நாம் புள்ளியிட்டு எழுதும் ன், ல் முதலிய ஒலிகள் சிலவற்றுக்கு அம்மொழியில் ‘சில்லு’ எனப்படும் தனி வடிவங்கள் இருக்கின்றன. 2008-க்கு முன் ஒரு சில்லு மூன்று குறிகளின் சேர்க்கையாகச் சேமிக்கப்பட்டது. அவ்வாண்டில் வெளியான யூனிகோடு 5.1 பதிப்பு சில்லுகளுக்குத் தனிக் குறிகளை அளித்தது. ஆகவே ‘கடல்’ என்னும் மலையாளச் சொல் இரு விதமாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடும் இயந்திரத்துக்கோ அவை இரு வேறு சொற்கள். ஒருவருடைய பெயர் பட்டியலில் இருந்தும், தேடும்போது ‘இல்லை’ என்ற விடை வருமாயின், அவருக்குரிய உதவி தடைப்படும். குற்றம் அவருடையதன்று.

படிவங்களிலும் இத்தகைய இடர் நேர்கிறது. வழக்கிலுள்ள யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் இடம் கொள்ளும். கிழக்கேகோட்டைக்கு 39 பைட் தேவை. அவ்வூரின் ஆங்கிலப் பெயருக்கு 9 பைட் போதும். ஒரு கட்டத்துக்கு 30 பைட் மட்டுமே ஒதுக்கியிருந்தால், நம் பெயர் ‘கிழக்கேகோட’ என்று அறுபட்டு நிற்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவர் இக்குறையை ஒருபோதும் காணார்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யக்கூடியவை சில உள. ஒரு பக்கத்தையோ படிவத்தையோ மக்களிடம் அளிக்குமுன் குறைந்தது இரண்டு உலாவிகளிலும், ஒரு கைப்பேசியிலும் திறந்து பாருங்கள். தமிழ்ப் பெயர் ஒன்றை முழுமையாக உள்ளிட்டு, சேமித்து, மீண்டும் தேடிப் பாருங்கள். செய்தியைப் படமாக மட்டும் வெளியிடாதீர்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் படத்திலுள்ள எழுத்தைப் பொதுவாகப் படிக்க இயலாது. கட்டாயமாக நிரப்ப வேண்டிய கட்டத்தை நிறத்தால் மட்டும் சுட்டாமல் சொல்லாலும் சுட்டுங்கள். பிழை கண்டால் உலாவியின் பெயர், அதன் பதிப்பு, உள்ளிட்ட சொல் ஆகிய மூன்றையும் குறித்து உரியவருக்கு அனுப்புங்கள். ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் பிழையின் இடம் புலப்படாது.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கு அளிக்கப்பட்ட ஆதரவு 2022 ஜூன் 15-ஆம் நாள் பெரும்பாலான விண்டோஸ் 10 பதிப்புகளில் முடிவடைந்தது. உலாவிகள் மாறும், மறையும். ஒரே உலாவியை நம்பி அமைத்த பக்கமும் அதனுடன் பயனிழக்கும். பொதுத் தரத்தைப் பின்பற்றிய பக்கமோ நெடுநாள் நிலைத்துப் பயன் தரும்.