தற்கொலை: காரணங்களும் தடுப்புச் சிகிச்சைகளும்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். அவர்களுள் 19,834 பேர் தமிழ்நாட்டினர். மகாராட்டிரத்துக்கு அடுத்து இதுவே மிகுந்த எண்ணிக்கை. உயிர் பிழைத்த முயற்சிகள் இந்தக் கணக்கில் சேராது. அவை இதைவிடப் பல மடங்கு அதிகம்.

காரணங்கள்

அதே அறிக்கை குடும்பப் பிரச்சினைகளை 31.7 விழுக்காடு இறப்புகளுக்கும், நோயை 18.4 விழுக்காடு இறப்புகளுக்கும் காரணமாகக் காட்டுகிறது. காவல்துறைப் பதிவில் ஓர் இறப்புக்கு ஒரு காரணம்தான் எழுத முடியும். நாளிதழ்களும் அப்படியே, "தேர்வில் தோற்றதால்", "தாய் திட்டியதால்" என்று எழுதிவிடுகின்றன. இது உண்மையைக் குறுக்கிவிடுகிறது. ஒரே தேர்வில் ஆயிரக்கணக்கானோர் தோற்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மறுபடி எழுதித் தேறுகிறார்கள், அல்லது வேறு வழியில் போகிறார்கள். தோல்வி என்பது கடைசியில் வந்து சேர்ந்த சுமை. அதற்கு முன்பே கவனிக்கப்படாத மனச்சோர்வு, குடிப்பழக்கம், கடன், வீட்டில் வன்முறை, தீராத உடல்வலி, தனிமை ஆகியவற்றில் சில அங்கே இருந்திருக்கும்.

அமெரிக்க உளவியலாளர் எட்வின் சினைட்மேன் இதைத் தாங்கமுடியாத மனவலி என்று விளக்கினார். அந்த நிலையில் இருப்பவர் பெரும்பாலும் சாவை விரும்புவதில்லை. வலி நிற்க வேண்டும் என்றே விரும்புகிறார். சிந்தனை குறுகிப்போவதால் வேறு வழி அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. வாழவும் வேண்டும், சாகவும் வேண்டும் என்று மனம் இரண்டாக இழுபடும். இந்தத் தீவிர நிலை நெடுநாள் அப்படியே நிற்பதில்லை, தணிந்துவிடும். தடுப்பு முறைகள் எல்லாம் இந்த ஓர் உண்மையை நம்பியே இயங்குகின்றன.

சென்னையில் நடந்த ஆய்வு

மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் 'சிநேகா' என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கினார். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் இங்கே அழைப்பவர் பேசுவதைக் கேட்கிறார்கள். அறிவுரை சொல்வதோ தீர்ப்புக் கூறுவதோ இல்லை. கேட்பது மட்டும் போதுமா என்ற ஐயம் எழுவது இயல்பு.

அதற்கு ஓரளவு விடை தரும் ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில் நடத்திய ஆய்வு அது. தற்கொலை முயற்சிக்குப் பின் மருத்துவமனைக்கு வந்த 1,867 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவினருக்கு, வீடு திரும்பும் முன் ஒரு மணி நேர உரையாடல். பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரிப்பு. முதல் சில வாரங்களில் அடிக்கடியும், பின்னர் இடைவெளி விட்டும் இது நடந்தது. 18 மாத முடிவில் வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்திருந்தனர். தொடர்பில் இருந்த பிரிவில் 0.2 விழுக்காட்டினர். இதற்கு விலை உயர்ந்த கருவியோ மருந்தோ தேவைப்படவில்லை.

பிற சிகிச்சைகள்

இன்று பரவலாகப் பயன்படும் இன்னொரு முறை பாதுகாப்புத் திட்டம். ஆபத்தான எண்ணம் வருவதற்கு முன் தம்மிடம் தோன்றும் அறிகுறிகள், அப்போது தாம் செய்யக்கூடியவை, யாரை அழைப்பது, எந்த மருத்துவமனைக்குப் போவது ஆகியவற்றை, மனம் தெளிவாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்வது. வீட்டில் ஆபத்து விளைவிக்கும் பொருள்களை அப்புறப்படுத்துவதும் இதில் அடங்கும். மனச்சோர்வுக்கு மருந்தும் அறிதல்-நடத்தைச் சிகிச்சையும் உண்டு. உணர்ச்சிக் கொந்தளிப்பால் திரும்பத் திரும்பத் தம்மைக் காயப்படுத்திக்கொள்வோருக்காக மார்ஷா லினெஹன் 'இயங்கியல் நடத்தைச் சிகிச்சை'யை உருவாக்கினார். தாமே இளவயதில் அத்தகைய நிலையில் மருத்துவமனையில் இருந்ததை அவர் 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார்.

மருத்துவமனைக்கு வெளியே அரசின் முடிவுகளும் உயிரைக் காக்கின்றன. மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை இலங்கை ஒவ்வொன்றாகத் தடை செய்தபின், அங்கே தற்கொலை வீதம் 1995-க்கும் 2015-க்கும் இடையே ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் தவறியவர்கள் அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு எழுதலாம். ஓர் ஆண்டு வீணாகிறது என்ற அச்சம் இதனால் குறைந்தது. மாநில முதலிடம் யாருக்கு என்று அறிவிக்கும் வழக்கமும் 2017-இல் கைவிடப்பட்டது.

சட்டம்

தற்கொலை முயற்சி குற்றம் என்ற பழைய அச்சத்தால் பல குடும்பங்கள் மருத்துவரிடமே உண்மையை மறைத்தன. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-ஆம் பிரிவு இல்லை.

அருகில் இருப்பவர் செய்யக்கூடியது

"சாகப்போறேன்னு சொல்றவன் சாக மாட்டான்" என்பது நம்மிடையே உலவும் தவறான நம்பிக்கை. தற்கொலையால் இறந்தோரில் பலர் முன்பே யாரிடமாவது ஏதோ ஒரு வகையில் சொல்லியிருக்கிறார்கள். "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால் தனியே விடாமல் உடன் இருந்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

பாடி, அம்பத்தூர் பகுதியினருக்கு உதவி தொலைவில் இல்லை. பக்கத்திலேயே அண்ணாநகர் மேற்கு விரிவில், மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' மனநல மையம் உள்ளது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு வில்லிவாக்கம் வழியாகச் செல்லலாம். அரசின் 'டெலி மானஸ்' எண் 14416. கட்டணமின்றி, எந்த நேரமும், தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் உதவி எண் 104. சிநேகாவின் எண் 044-24640050.