முதுகெலும்பின் அளவு வேறுபாடுகளும் அறுவை மருத்துவமும்

முதுகெலும்பின் அளவு வேறுபாடுகள் என்பவை முள்ளெலும்புகளின் அளவு, கோணம், எண்ணிக்கை ஆகியவற்றில் ஆளுக்கு ஆளும், மக்கள் குழுக்களின் சராசரிகளுக்கு இடையேயும் காணப்படும் வேறுபாடுகள் ஆகும். இவை பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவினவே. அன்றாட வாழ்வில் இவற்றால் பெரும்பாலும் எவ்வித விளைவும் இல்லை. ஆனால், முதுகெலும்பில் உலோகத் திருகாணி பொருத்தும் அறுவை மருத்துவருக்கு அந்தச் சில மில்லிமீட்டர்களே முழு இடமும் ஆகும்.

காம்பும் திருகாணியும்

ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் முன்புறத்தில் உருளை போன்ற உடலும், பின்புறத்தில் எலும்பு வளைவும் உள்ளன. இவற்றை இடமும் வலமுமாக இணைக்கும் இரு குறுகிய எலும்புப் பாலங்கள் காம்புகள் எனப்படுகின்றன. முறிவு, முதுகுக் கூனல், பக்க வளைவு, முள்ளெலும்பு நழுவல் போன்றவற்றைச் சீர்செய்யும்போது, முதுகின் பின்புறமிருந்து காம்பின் வழியாக உடலுக்குள் திருகாணி செலுத்தப்படுகிறது. பின்னர் திருகாணிகள் தண்டுகளால் பிணைக்கப்படுகின்றன. பிரான்சு நாட்டு மருத்துவர் ரேமோன் ருவா-கமீய் 1963 முதல் காம்புத் திருகாணிகளைத் தகடுகளுடன் பயன்படுத்தி இம்முறைக்கு வழிவகுத்தார்.

காம்பு எல்லா மட்டங்களிலும் ஒரே அகலம் உடையதன்று. 1987 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் 2905 காம்பு அளவீடுகள் எடுக்கப்பட்டன. இடுப்பின் ஐந்தாம் முள்ளெலும்பில் சராசரி அகலம் 18 மி.மீ. ஆகவும், மார்பின் ஐந்தாம் முள்ளெலும்பில் 4.5 மி.மீ. ஆகவும் இருந்தது. இடம் மிகக் குறுகிய இந்த நடுமார்புப் பகுதியில்தான் காம்பின் உட்புறத்தை ஒட்டித் தண்டுவடம் செல்கிறது. வெளிப்புறத்தில் நுரையீரல் உறையும், முள்ளெலும்பு உடலின் இடப்புறத்தில் பெருந்தமனியும் உள்ளன. திருகாணி காம்பின் சுவரைத் துளைத்து உட்புறம் விலகினால் கால்கள் செயலிழக்கவும் கூடும்.

அப்படியானால் எங்கும் மெல்லிய திருகாணியையே பயன்படுத்தலாமே என்று தோன்றலாம். இயந்திரவியல் அதற்கு இடந்தருவதில்லை. உருளைத் தண்டின் வளைவுத் தாங்குதிறன் விட்டத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. நடுத்தண்டின் விட்டம் 5 மி.மீ. இலிருந்து 4 மி.மீ. ஆகக் குறைந்தால் வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடும். மெல்லிய திருகாணி உடையலாம், எலும்பில் பிடிப்பின்றித் தளரலாம். தடித்த திருகாணியோ காம்பைப் பிளக்கலாம். திருகாணியின் விட்டம் காம்பின் வெளி அகலத்தில் சுமார் 80 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது பரவலாகக் கூறப்படும் நடைமுறை விதியாகும்.

இந்தியர்களிடம் எடுக்கப்பட்ட அளவீடுகள்

தொடக்கக் காலத் திருகாணித் தொகுதிகள் ஐரோப்பிய, அமெரிக்க உடலளவுகளை ஒட்டியே வடிவமைக்கப்பட்டன. 2002 முதல் 2004 வரையான ஆண்டுகளில் 'ஸ்பைன்' என்னும் மருத்துவ ஆய்விதழில் இந்தியர்களின் இடுப்பு, மார்பு முள்ளெலும்புக் காம்புகள் பற்றிய தனித்தனி ஆய்வுகள் வெளிவந்தன. பல மட்டங்களில் சராசரி அகலம் மேலைநாட்டு அளவுகளைவிடக் குறைவாக இருந்ததை இவை காட்டின. இதனால், மேலைநாட்டு நூல்களின் அட்டவணையை மட்டும் நம்பித் திருகாணியின் விட்டத்தையோ நீளத்தையோ தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானதன்று என்பது தெளிவாயிற்று.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இத்தகைய முடிவுகளை 'இன' வேறுபாடு என்று படிப்பது எளிது, ஆனால் பிழையானது. காம்பின் அளவு உயரத்தையும் பாலினத்தையும் பெரிதும் சார்ந்தது. பொதுவாகப் பெண்களின் காம்புகள் ஆண்களுடையவற்றைவிடக் குறுகியவை. ஆய்வுகள் சில உலர்ந்த எலும்புகளை அளந்தன, சில சி.டி. படங்களை அளந்தன. இவற்றை நேருக்கு நேர் ஒப்பிடுவதில் இடர்ப்பாடு உண்டு. மேலும், ஒரே குழுவுக்குள் உள்ள ஏற்றத்தாழ்வு இரு குழுக்களின் சராசரிகளுக்கு இடையேயான வேறுபாட்டை விஞ்சுவது இயல்பு. சராசரி, எந்த அளவுத் திருகாணிகளை மருத்துவமனை இருப்பில் வைக்க வேண்டும் என்பதற்கு உதவும். மேசைமேல் கிடப்பவருக்கு எது பொருந்தும் என்பதை அவருடைய சி.டி. படமே கூறும். காம்பு மிகக் குறுகியதாயின், அதற்கும் விலா எலும்புக்கும் இடையே திருகாணியைச் செலுத்துவதும், திருகாணிக்கு மாற்றாகக் கொக்கிகளைப் பயன்படுத்துவதும் உண்டு.

கழுத்துப் பகுதி: ஜப்பான்

முள்ளெலும்பு உடல்களின் பின்புறத்தை ஒட்டிச் செல்லும் நீண்ட பிணைநார் சிலருக்கு எலும்பாக இறுகித் தண்டுவடத்தை நெருக்குகிறது. ஜப்பானில் 30 வயதுக்கு மேற்பட்டோரில் 1.9 முதல் 4.3 விழுக்காட்டினரிடம் இது காணப்படுவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. இதனால் ஒரு காலத்தில் 'ஜப்பானியர் நோய்' என்றே இது அழைக்கப்பட்டது. பின்னர் மற்ற நாடுகளிலும் கண்டறியப்பட்டதால் அப்பெயர் பொருந்தாததாயிற்று. தண்டுவடக் குழாய் இயல்பிலேயே குறுகியவர்களுக்குச் சிறிய நெருக்கமும் பெருந்துன்பம் தரும். எலும்பு வளைவை முற்றிலும் அகற்றாமல், ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கத்தைக் கீல் போல் வைத்துக் கதவைத் திறப்பதுபோல் குழாயை அகலமாக்கும் அறுவை முறை 1970களில் ஜப்பானில் உருவானதற்கு இந்நோயே முதன்மையான காரணம்.

எண்ணிக்கை வேறுபாடு

சிலருக்கு இடுப்பின் கடைசி முள்ளெலும்பு திருவெலும்புடன் ஒட்டியிருக்கும். வேறு சிலருக்குத் திருவெலும்பின் முதற்பகுதி பிரிந்து ஆறாம் இடுப்பு முள்ளெலும்பு போல் தோன்றும். இத்தாலிய மருத்துவர் பெர்த்தொலோத்தி 1917 இல் இவ்வமைப்பை முதுகுவலியோடு தொடர்புபடுத்தினார். ஆய்வுகள் தரும் விழுக்காடு 4 இலிருந்து 30 க்கும் மேல் வரை மாறுபடுகிறது. வரையறை ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுவதும் இதற்கு ஒரு காரணம். கீழிருந்து மட்டும் எண்ணினால் தவறான மட்டத்தில் அறுவை நிகழக்கூடும். எனவே, ஐயம் எழும்போது கழுத்திலிருந்து தொடங்கி முதுகெலும்பு முழுவதையும் படமெடுத்து எண்ணுகின்றனர்.