கல் எந்த வேகத்தில் அடிக்கிறது?

புது கார் டெலிவரி எடுக்கப் போனால் ஒரு வித்தை காட்டுவார்கள். கண்ணாடி மாதிரித் தெளிவான படலம் ஒட்டிய தகட்டைப் பித்தளை பிரஷ்ஷால் வரட் வரட்டென்று தேய்ப்பார்கள். கோடு கோடாகக் கீறல் விழும். மேலே வெந்நீர் ஊற்றியதும் கீறல் கண்ணெதிரே மறைந்துபோகும். "முழு வண்டிக்கும் போட்டுடலாம் சார், பெயிண்ட் கவலையே வேண்டாம்." வண்டியையும் படலத்தின் தரத்தையும் பொறுத்து, அந்தக் கவலையின்மைக்கு ஒரு லட்சம் ரூபாய் வரைகூட, சில சமயம் அதற்கு மேலும் கேட்பார்கள்.

வித்தையில் பொய் இல்லை. பி.பி.எஃப். எனப்படும் இந்தப் படலம் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன் என்ற ரப்பர்த்தன்மையுள்ள பிளாஸ்டிக். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் விசிறிகளை மணலிலிருந்து காக்கப் பிறந்த சரக்கின் வாரிசு. அதன் மேற்பூச்சில் உள்ள மூலக்கூறு வலை சூடுபட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. சேலத்து வெயிலே அதற்குப் போதும், வெந்நீர்கூட வேண்டாம். ஆனால் ஆறுவது மேற்பூச்சில் விழுந்த கீறல் மட்டும்தான். சாவியோ ஆணியோ படலத்தையே கிழித்துவிட்டால் கிழிந்ததுதான்.

கம்பெனி பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான். படலம் மட்டும் 150 முதல் 200 மைக்ரான். கல் வந்து அடிக்கும்போது அது இழுபட்டு, அடியைப் பரந்த இடத்துக்குப் பிரித்துக் கொடுக்கிறது. விறைப்பான பெயிண்டால் அது முடியாது, செதில் பெயர்ந்துவிடும். செராமிக் கோட்டிங் என்று விற்பது வேறு சங்கதி. ஓரிரு மைக்ரான் கனம் உள்ள அது கழுவுவதைச் சுலபமாக்கும், கல்லைத் தடுக்காது.

ஒரு கிராம் எடையுள்ள ஜல்லித் துணுக்கை எடுத்துக்கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி அதன்மேல் மோதினால் ஆற்றல் சுமார் 0.06 ஜூல். 100 கிலோமீட்டரில் 0.39 ஜூல். வேகம் இரண்டரை மடங்கு, அடியோ ஆறு மடங்கு! முன்னால் போகும் டிப்பர் லாரியின் டயர் கல்லைப் பின்னோக்கி எறிந்தால் அந்த வேகமும் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் ஊருக்குள்ளேயே, சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலிருந்து சாரதா காலேஜ் ரோடு வழியாக ஐந்து ரோடு போய்த் திரும்பும் வண்டி மூன்றாவது கியரைத் தாண்டுவதே அபூர்வம். அதன் பெயிண்டைக் கெடுப்பவை வேறு. தூசி படிந்த பானெட்டைக் காலையில் காய்ந்த துணியால் துடைக்கும் பழக்கம் முதலாவது. சுற்றுச் சுற்றாகத் தெரியும் சன்னக் கீறல்கள் அதில் வந்தவைதான். அடுத்தது உப்புக் கலந்த போர் தண்ணீர். வெயிலில் கழுவி அப்படியே காயவிட்டால் கால்சியம் வெள்ளை வட்டமாகப் படியும். மூன்றாவது பறவை எச்சம். வெயிலில் இளகும் கிளியர்கோட் (பெயிண்டின் மேலுள்ள தெளிவான அடுக்கு), மேலே எச்சம் காய்ந்து இறுக, சாயங்காலம் அதைச் சுற்றியே சுருங்கி அச்சு விழுந்துவிடும். படலம் ஒட்டினால் இந்தத் தொல்லைகள் பெயிண்டை விட்டுப் படலத்தின் மேல் ஏறும், அவ்வளவுதான். தண்ணீர்க் கறை அதன்மேலும் படியத்தான் செய்யும். மைக்ரோஃபைபர் துணியும் நிழலான இடமும் இருந்தால் முழு வண்டிக்குப் படலம் ஒட்டுவது, என் கணக்கில், வீண் செலவு.

வாரந்தோறும் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியின் கதை வேறு. அதன் பானெட் விளிம்பில் குனிந்து பாருங்கள். குண்டூசித் தலையளவில் பெயிண்ட் பெயர்ந்து பிரைமர் எட்டிப் பார்க்கும், நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்படும். கூரையிலும் டிக்கியிலும் அப்படி ஒன்றும் தெரியாது, ஏனென்றால் கல் முன்னாலிருந்துதான் வருகிறது. ஆகவே பம்பர், பானெட், பக்கக் கண்ணாடிகளின் முதுகு, கதவின் கீழ்ப்பகுதி ஆகியவற்றுக்கு மட்டும் ஒட்டினால் போதும். மலிவாகக் கிடைக்கும் பி.வி.சி. படலம் வேண்டாம், அது சீக்கிரம் மஞ்சளாகிவிடும். பாலியூரித்தேனிலும் அலிஃபாட்டிக் வகையா என்று கேட்டு வாங்க வேண்டும். அரோமேட்டிக் வகை புற ஊதாக் கதிரில் பழுத்துவிடும்.

விற்கும்போது ஒரு சிக்கல் வரலாம். பழைய கார் வாங்குபவர் பெயிண்ட் கனம் அளக்கும் கருவியை வைத்தால், படலம் உள்ள இடத்தில் சுமார் 300 மைக்ரான் காட்டும். மறுபெயிண்ட் என்று விலையைக் குறைப்பார், ஒட்டிய பில்லைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. நிஜமாகவே டிங்கரிங் பார்த்த பேனல் என்றால் அதில் ஒட்டவே வேண்டாம். சில வருடம் கழித்துப் படலத்தை உரிக்கும்போது பிடிமானம் குறைந்த அந்தப் பெயிண்டும் தோலாகக் கூடவே வந்துவிடும்.