காஷ்மீர் சால்வை ஆர்டர் ஜனவரியில் ஏன் தாமதமாகிறது?

ஸ்ரீநகரில் வீட்டிலிருந்தே சால்வை விற்கும் ஒருவரிடம் ஆர்டர் போட்டிருக்கீங்க. பத்து நாளாகியும் பார்சல் வரலை. ஏமாத்துறாங்களா? பெரும்பாலும் இல்லை.

சில்லை கலான் என்றால் என்ன?
டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிர் காலம். அடுத்து 20 நாள் ‘சில்லை குர்த்’, 10 நாள் ‘சில்லை பச்சா’. ஆக மொத்தம் 70 நாள்.

வேலை நின்றுவிடுமா?
இல்லை. வயல் வேலை இல்லாததால், நூல் நூற்பதும் பூவேலையும் வீட்டுக்குள் நடக்கும் காலமே இதுதான். சால்வைக்குக் கிராக்கியும் இப்போதுதான்.

அப்போ சிக்கல் எங்கே?
முதலில், சாலை. பனிப்பொழிவும் ராம்பன் பகுதி நிலச்சரிவும் ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலையை அடிக்கடி மூடிவிடும். பனி கொட்டினால் விமானமும் ரத்தாகும்.

அடுத்தது, மின்சாரம். குளிரில் ஆறுகளில் நீர் குறைவதால் நீர்மின் உற்பத்தி சரியும். ஹீட்டர்களால் தேவையோ ஏறும். விளைவு, மின்வெட்டு. போன் சார்ஜ் இல்லைன்னா உங்க மெசேஜுக்குப் பதிலும் வராது.

விற்பவர் என்ன செய்யலாம்?
நூல், பேக்கிங் பொருட்களை டிசம்பர் நடுவிலேயே சேர்த்து வைக்கலாம். டெலிவரி தேதியைத் தள்ளியே சொல்லலாம். கரி அடுப்பான காங்கிரியைக் கம்பளிச் சரக்கிலிருந்து தள்ளி வைப்பது அவசியம்.

நீங்கள்?
ஆர்டரை ரத்து செய்தால், திரும்பும் பார்சலின் செலவு பெரும்பாலும் விற்பவர் தலையில்தான் விழும். அதற்கு முன், நெடுஞ்சாலை பற்றி ஜம்மு காஷ்மீர் போக்குவரத்துக் காவல்துறை தினமும் வெளியிடும் அறிவிப்பை ஒருமுறை பாருங்க.