எங்கள் வீட்டு மீனாட்சி கல்யாணம்

(இளம் அறிவியல் தாவரவியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)

ஓவியம் பேசும் என்று சொல்வார்கள். பள்ளி நாளில் நானும் அவ்வாறே கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். உண்மையில் எந்த ஓவியமும் அதுவரை என்னிடம் பேசியது கிடையாது. எங்கள் இருக்கன்குடியில் ஓவியக்கூடமோ கண்காட்சியோ இல்லை. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் இருபுறமிருக்க நடுவே மாரியம்மன் வீற்றிருக்கும் ஊர் அது. அங்கே பிள்ளைகள் பார்த்து வளரும் ஓவியங்கள் கோவில் சுதையும், வெடிப் பெட்டியின் மேல்தாளும், காலண்டருமே.

மோனாலிசா சிரிக்கிறாளா இல்லையா என்று எழுதுவதற்குப் பலர் உண்டு. நேரில் காணாத ஒன்றைப் பற்றி எழுத எனக்குத் துணிவில்லை. ஆதலால் எங்கள் வீட்டுச் சுவரில் இருபத்தைந்து ஆண்டுகளாகத் தொங்கும் மீனாட்சி கல்யாணப் படத்தையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். ஒரு படத்தில் உணர்ச்சி எங்கே இருக்கிறது, அதை எப்படிக் கண்டுகொள்வது என்பதுதான் என் கேள்வி.

அம்மாவுக்குத் திருமணமான ஆண்டில் சாத்தூரில் ஒரு மளிகைக் கடையில் கொடுத்த காலண்டர் அது. தாளைக் கிழித்து முடித்ததும் அப்பா படத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டினார். சட்டம் போட்டவர் அளவுக்குப் பொருந்த வேண்டுமென்று அடிப்பாகத்தை வெட்டியதில் கடையின் பெயரோடு ஓவியரின் பெயரும் போயிற்று. எனினும் அதன் பாணி எந்தப் பள்ளியைச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. அது கோவில்பட்டிப் பாணி.

கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாயை நினைக்கிறோம், சி. கொண்டையராஜுவை நினைப்பவர்கள் குறைவு. 1898ல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் சிலகாலம் தங்கி, பிறகு நாடகக் குழுவில் திரைச்சீலை எழுதியவர் அவர். 1940களில் கோவில்பட்டியில் நிலைத்தார். டி.எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம், செண்பகராமன் முதலிய சீடர்கள் அவரிடம் தொழில் பழகினர். இங்கே தீட்டப்பட்ட தெய்வங்கள் பக்கத்திலேயே சிவகாசியில் அச்சேறின. 1976ல் அவர் மறைந்த பின்னரும் அப்படங்கள் அச்சாகிக்கொண்டே இருந்தன. இன்றும் ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புதிய ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளிவருகின்றன. பக்கங்களைப் புரட்டினால் அந்த முகங்கள் இன்னமும் எதிர்ப்படும்.

நாடகத் திரை எழுதிய கை என்பது எங்கள் வீட்டுப் படத்திலும் தெரிகிறது. எல்லோரும் மேடையில் நிற்பதுபோல் நம்மைப் பார்க்க நிற்கிறார்கள். வெளிச்சம் முன்னாலிருந்து விழுகிறது. பின்னால் மண்டபத் தூண்கள். நடுவே பச்சை நிற மேனியளாய் மீனாட்சி. ஒருபுறம் மாப்பிள்ளையாகச் சொக்கநாதர், மறுபுறம் தங்கையைத் தாரைவார்த்துக் கொடுக்கும் அண்ணன் திருமால். மதுரைக் கோவிலின் கம்பத்தடி மண்டபத்தில் இதே காட்சி கல்லில் நிற்கிறது.

காலண்டர் ஓவியத்தில் உணர்ச்சியைத் தேடுவது எளிதன்று. இலட்சுமி, சரசுவதி, மீனாட்சி மூவர் முகத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே முகம். அதில் குற்றமில்லை. அந்தப் படம் ஒரு வீட்டில் ஓராண்டு தொங்க வேண்டும். அதன் முன்னே விளக்கேற்ற வேண்டும். அழுகிற இலட்சுமியை யார் வாங்கி மாட்டுவார்? ஆகவே முகத்தை அமைதியாக விட்டுவிட்டு, தலையின் சாய்விலும் கண்ணின் நோக்கிலும் கையிலும் உணர்ச்சியை வைத்துவிடுகிறார் ஓவியர். உள்ளத்தில் நிகழ்வது உடலில் வெளிப்படுவதைத்தான் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்று பெயரிட்டு ஓர் இயலே வகுத்திருக்கிறது.

எங்கள் செய்முறை வகுப்பில் ஒரு பூவைக் கையில் கொடுத்தவுடன் அதன் குடும்பப் பெயரைச் சொல்லக் கூடாது. இதழ் எத்தனை, மகரந்தத் தாள் எத்தனை, சூற்பை மேலா கீழா என்று கண்டதை முதலில் எழுத வேண்டும். பெயர் கடைசியில். அரையாண்டு விடுமுறையில் இதே முறையை அந்தப் படத்தின்மேல் நடத்திப் பார்த்தேன். குறிப்பேட்டில் ஒரு பக்கம் "கண்டவை", எதிர்ப்பக்கம் "தோன்றியவை". மீனாட்சியின் தலை சற்றே சாய்ந்திருக்கிறது, இமை பாதி தாழ்ந்திருக்கிறது, உதடு மூடியிருக்கிறது. இவை கண்டவை. எதிர்ப்பக்கத்தில் "நாணம்" என்று எழுதினேன். மறுநாள் அதை அடித்துவிட்டு "வருத்தம்" என்று எழுதினேன். படம் மாறவில்லை. எது மாறியது?

கைலென்ஸ் கொண்டு பார்த்தேன். நாணமும் இல்லை, வருத்தமும் இல்லை. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகளின் புள்ளிகள்தாம் இருந்தன. பச்சை மை என்று ஒன்றே அங்கு கிடையாது. நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் அடுத்தடுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் விழ, பச்சை மீனாட்சியை நம் கண் செய்துகொள்கிறது. அவள் உணர்ச்சியையும் நாமே செய்துகொள்கிறோமோ என்ற ஐயம் அப்போது எழுந்தது.

இந்த ஐயம் எனக்கு முன்பே ஒருவருக்கு வந்திருக்கிறது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யத் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு நடிகரின் அசையாத முகத்தை வேறு வேறு காட்சிகளோடு ஒட்டிக் காட்டினாராம். உணவோடு சேர்த்தபோது பசி என்றும், சவப்பெட்டியோடு சேர்த்தபோது துக்கம் என்றும் பார்த்தவர்கள் சொன்னார்களாம். முகம் ஒன்றே. பக்கத்தில் இருப்பதுதான் மாறியது.

நானும் குறிப்பேட்டால் சொக்கநாதரை மறைத்தேன். மீனாட்சி, பிறந்த வீட்டை விட்டுப் பிரியும் பெண் ஆனாள். திருமாலை மறைத்தேன், நாணும் மணப்பெண் ஆனாள். இருவரையும் மறைத்தால் எதுவுமே சொல்ல முடியவில்லை. தூக்கக் கலக்கத்தில் நிற்பதாகக்கூடத் தோன்றிற்று. (வாசகர்கள் தங்கள் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். அம்மா பார்க்காத நேரமாகப் பார்த்துச் செய்யவும். நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

இந்த மட்டில் கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் வைகாசியில் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. அக்கா பத்தாம் வகுப்போடு நின்று ஆபீசுக்குப் போகிறாள். எங்கள் பக்கம் பட்டாசு ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்; விடுதி நண்பர்கள் இதைக் கேட்டு, அக்கா எழுத்தர் வேலை பார்க்கிறாள் என்று முதலில் எண்ணிவிட்டார்கள். அவளுக்குக் கம்பி மத்தாப்புப் பிரிவு. என் தேர்வுக் கட்டணமும் பேருந்துக் காசும் அவள் சனிக்கிழமைக் கூலியிலிருந்து வருபவை.

அன்று அவள் காப்பித் தட்டோடு வந்து, சரியாக அந்தப் படத்தின் கீழே நின்றாள். தலை குனிந்திருந்தது. இமை தாழ்ந்திருந்தது. உதடு மூடியிருந்தது. "பொண்ணு ரொம்ப வெக்கப்படுது" என்றார் வந்திருந்த ஒரு பெரியம்மா. எனக்கோ அடிவயிறு கலங்கிற்று. படிக்க வேண்டிய வயதில் எனக்காக வேலைக்குப் போனவள். இப்போது மனமில்லாமல் நிற்கிறாள். இதை இந்த வீட்டில் நான் ஒருவன் மட்டும் கண்டுகொண்டேன் என்று நினைத்தேன். இரவெல்லாம் தூக்கமில்லை. அப்பாவிடம் சொல்லி நிறுத்திவிட வேண்டுமென்றே முடிவு செய்திருந்தேன். நல்லவேளை, முதலில் அவளிடமே கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். "நீ என் மூஞ்சியத்தான பாத்த? கையப் பாக்கலயா?"

அலுமினியப் பவுடர் நகக்கண்ணில் ஏறிவிட்டால் சோப்புக்கும் சீயக்காய்க்கும் போகாது. விரல் நுனியெல்லாம் சாம்பல் வெள்ளியாக இருக்கும். தட்டைப் பிடித்த விரல்கள் வெளியே தெரிகின்றனவே என்று, அவற்றை மடக்கி மடக்கி மறைப்பதிலேயே அவள் கவனம் இருந்திருக்கிறது. தலை குனிந்தது அதற்காக. பெரியம்மா சொன்ன நாணமும் இல்லை, நான் சொன்ன வருத்தமும் இல்லை.

"மாப்பிள்ளை பாத்துட்டாரா அக்கா?"

"பாத்தாரு. அவரு டம்ளர எடுத்த கையையும் நான் பாத்தேன். நகத்துல நீல மை. அவரு பிரஸ்ல இருக்காருல்ல."

எதிரிலேயே உட்கார்ந்திருந்த எனக்கு இரண்டு கைகளுமே கண்ணில் படவில்லை. "கண்டவை" என்று தலைப்பிட்டு எழுதத் தெரிந்தவனுக்கு, எதைக் காணாமல் விட்டான் என்று எழுத ஒரு பக்கம் ஒதுக்கத் தோன்றவில்லை. பக்கத்தில் இருப்பது உணர்ச்சியை மாற்றிக் காட்டும் என்று படித்திருந்தேன்; பார்க்கிறவனின் குற்ற உணர்வும் பக்கத்தில் நிற்கும் ஒரு பொருள்தான் என்பதை அந்த இரவில் அறிந்தேன். அதைக் குறிப்பேட்டால் மறைக்க முடியாது. ஆனால் படத்தில் உள்ள பெண் பதில் சொல்ல மாட்டாள், வீட்டில் உள்ள பெண் சொல்வாள் என்ற வேறுபாடு இருக்கிறதே, அது எனக்குப் பெரிய உதவியாயிற்று.

அதன் பிறகு படத்தை மறுபடியும் பார்த்தேன். இம்முறை முகங்களை மறைத்துவிட்டுக் கைகளை மட்டும் பார்த்தேன். ஓவியர் எல்லாவற்றையும் அங்கேதான் வைத்திருக்கிறார். மூவரின் கைகளும் படத்தின் நடுவில் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. சொக்கநாதரின் உள்ளங்கை விரிந்து கீழே இருக்கிறது. அவர் அவள் கையைப் பற்றவில்லை, தாங்குகிறார். திருமாலின் கெண்டியிலிருந்து நீர் மெல்லிய வெள்ளைக் கோடாக இறங்குகிறது. மீனாட்சியின் விரல்கள் மட்டும் இறுக்கமின்றி, ஆனால் முழுவதும் விட்டுவிடாமலும் சற்றே வளைந்திருக்கின்றன. தாழ்ந்த இமையின் கீழே அவள் கண் நோக்குவது தரையை அன்று, அந்த நீரை. ஓராண்டாக நான் நாணம் என்றும் வருத்தம் என்றும் மாற்றி மாற்றி எழுதியது, தன் கையில் நீர் விழுவதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் முகத்தை.

குறிப்பேட்டின் "தோன்றியவை" பக்கத்தில் இப்போது "கவனம்" என்று எழுதியிருக்கிறேன், பென்சிலால். இக்கட்டுரையை எழுத அக்காவிடம் ஒப்புதல் கேட்டேன். "நகத்தப் பத்தி எழுதுனா எழுதிக்கோ, சம்பளத்த எழுதாத" என்றாள். தை மாதம் கல்யாணம். சட்டத்தில் கறையான் ஏறியிருப்பதால் அதற்கு முன் படத்தைக் கழற்றி வேறு சட்டம் போட வேண்டுமென்று அப்பா சொல்கிறார். கடைக்கு நானே எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். இம்முறை அளவுக்காக எதையும் வெட்டவிடாமல் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.