நான்கு லீற்றருக்கு எத்தனை அம்பு?

திருகோணமலையின் சீனக்குடாக் காட்டுக்குள் பிரித்தானியர் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள் 99. அவற்றில் பெரும்பாலானவை வெறுமையாகக் கிடக்க, 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் திருமலைச் சனம் பெற்றோல் செட் வாசலில் மணிக்கணக்கில் காத்து நின்றது. அந்த ஜூலையில்தான் தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் வந்தது. வாகன இலக்கத்தைப் பதிந்தால் ஒரு கியூஆர் குறியீடு. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், காருக்கு 20. குறியீட்டை அச்சிட்டு லேமினேட் பண்ணி வைத்திருந்தவர்களும் உண்டு.

அப்போது செட் ஊழியர் தன் தொலைபேசியால் குறியீட்டைப் படித்தார், லீற்றர் கணக்கைப் பதிந்தார், மீதியைச் சொல்லும் குறுஞ்செய்தி நமக்கு வந்தது. சில விநாடி வேலை. அதற்குள் யார் யாரோடு பேசினார்கள்? மென்பொருள் எழுதுபவர்கள் அந்தப் பேச்சைத் தாளில் பிடித்து வைக்கும் வழிதான் சீக்குவென்ஸ் டயகிராம்.

தாளின் தலையில் நான்கு பெட்டி போடுங்கள்: வண்டிக்காரர், ஊழியரின் தொலைபேசி, கணக்கு வைத்திருக்கும் சேர்வர், குறுஞ்செய்திச் சேவை. ஒவ்வொன்றின் கீழும் ஒரு கோடு இறங்கும். அதற்கு உயிர்க்கோடு என்று பெயர். காலம் மேலிருந்து கீழே ஓடும். ஒருவர் மற்றவரைக் கேட்டால் குறுக்கே ஓர் அம்பு, பதிலுக்கு விட்டுவிட்டுப் போட்ட அம்பு. எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகங்களோடு வேலை செய்த சுவீடன்காரர் இவார் ஜேக்கப்சன் 1992இல் எழுதிய நூல் இத்தகைய படங்களைப் பரப்பியது. 1997இல் யூஎம்எல் என்ற பொது வரைமொழிக்குள் அவை இடம்பிடித்தன.

இனித்தான் விசேஷம். ஒரே குறியீட்டின் இரண்டு பிரதிகள், ஒன்று உப்புவெளியில், மற்றது கிண்ணியாவில், ஒரே நேரத்தில் நீட்டப்படுவதாக வரைவோம். இரண்டு தொலைபேசியும் சேர்வரிடம் "மீதி எவ்வளவு?" என்கின்றன. இரண்டுக்கும் "4" என்றே பதில். இரண்டு இடத்திலும் பெற்றோல் அடித்த பிறகே "4 கழி" என்ற அம்புகள் போகின்றன. 8 லீற்றர் போய்விட்டது! நிரலை வரிவரியாகப் படித்தால் பிழை கண்ணில் படாது, ஒவ்வொரு வரியும் சரிதான். பிழை கேள்விக்கும் கழித்தலுக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தில் இருக்கிறது. அந்த வெற்றிடத்தைப் படம் கண்முன்னே காட்டிவிடுகிறது. எனக்கு இதன்மேல் இத்தனை பிரியம் அதனால்தான்.

இரண்டு அம்பையும் ஒன்றாக்கி, "4 இருந்தால் இப்போதே ஒதுக்கு" என்று கேட்டால் முதலில் வந்தவருக்கு மட்டும் ஆம். ஆனால் பாதி அடிக்கையில் கரண்ட் போனால்? மீதியைத் திருப்பிக் கொடுக்க இன்னோர் அம்பு வேண்டும். பதில் வரும் வழியில் சிக்னல் அறுந்தால்? கழிந்ததா இல்லையா என்று தொலைபேசிக்குத் தெரியாது, மறுபடி கேட்கும்; சேர்வர் மறுபடி கழிக்கும். ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் இலக்கம் கொடுக்கிறோம். அதே இலக்கம் திரும்பி வந்தால் சேர்வர் கழிக்காது, பழைய பதிலையே சொல்லும்.

கடைசியாகக் குறுஞ்செய்தி. இதற்குச் சேர்வர் காத்திருப்பதில்லை என்பதால் அம்பின் தலையைத் திறந்து வரைவார்கள். போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும் என்றால் அம்பையே கீழ்நோக்கிச் சரித்துவிடலாம். அந்தச் சரிவின் மேல்முனை செட்டில் இருக்கிறது. கீழ்முனை, வண்டியை உதைத்துக் கிளப்பி டொக்யார்ட் வீதியில் போய்க்கொண்டிருப்பவரின் சட்டைப்பைக்குள்.